காலை வைத்தால் சுற்றும் மேசை

பெரியம்மாவை ஜாவாவுக்குக் கூட்டிக்கொண்டு போனது கோயில் பார்க்க இல்லை, துணி பார்க்க. சின்னாளபட்டியில் சுங்குடிக்கு முடிச்சுப் போட்டே விரல் தேய்ந்தவர் அவர். "மெழுகு வச்சுச் சாயம் ஏத்துறாங்களாமே, அதை ஒரு தடவை கண்ணால பாத்துரணும்டி" என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். யோக்யகர்த்தாவில் தங்கி, ஒருநாள் காலையில் சோலோவுக்கு மின்சார ரயில் பிடித்தோம். ஆளுக்கு 8,000 ரூபியா. எண்ணைக் கேட்டுப் பெரியம்மா திடுக்கிட்டார். நம் பணத்தில் 45 ரூபாய்கூட வராது என்றதும்தான் உட்கார்ந்தார்.

சோலோவில் லாவேயான் என்பது பாத்திக், அதாவது அந்த மெழுகுச் சாயத் துணி, விற்ற பழைய வியாபாரிகளின் பேட்டை. சந்துகள் ஒடுக்கம், மதில்கள் உயரம். உள்ளே எவ்வளவு பெரிய வீடு இருக்கிறதென்று தெருவிலிருந்து கண்டுபிடிக்கவே முடியாது. பட்டறை பார்த்த கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன். இது மத்தியானச் சாப்பாட்டைப் பற்றியது.

அப்படி ஒரு வீட்டைத்தான் உணவகம் ஆக்கியிருந்தார்கள். பெயர்ப்பலகையில் முதல் சொல் 'கெடாய்'. நம்முடைய கடைதான், கப்பலேறிப் போய் அங்கேயே தங்கிவிட்டது. அடுத்து 'டெம்போ டுலு', அதாவது அந்தக் காலம். 'டுலு'வில் வரும் உகரத்துக்கு டச்சுக்காரர்கள் வழக்கப்படி 'ஓ', 'ஈ' என்று இரண்டு ரோமன் எழுத்து போட்டிருந்தது. 1947இலேயே அதை ஒற்றை எழுத்தாக மாற்றிவிட்டார்கள். ஆனாலும் 'நாங்கள் பழசு' என்று காட்டிக்கொள்ள இன்றைக்கும் அந்த இரட்டை எழுத்துதான் கைகொடுக்கிறது. நம் ஊரில் ஒருவர் இப்படிக் கடை வைத்தால், 1978க்கு முந்தைய, துதிக்கை தூக்கிய 'லை' போட்டுத்தான் இட்லியை எழுதுவார் என்று நினைத்துக்கொண்டேன். இட்லியில் 'லை' கிடையாதே என்று பிறகுதான் உறைத்தது. சரி, இலைச் சாப்பாடு என்று எழுதட்டும்.

உள்ளே பூப்போட்ட சிமெண்டுத் தரை, பிரம்பு நாற்காலி, கூரையில் தொங்கும் பெட்ரோமாக்ஸ், சுவரோரம் சைக்கிள். ஒரு மர ரேடியோ குரோன்சோங் என்ற அந்த ஊர்ப் பழைய பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் ரேடியோவுக்குள் ப்ளூடூத் ஸ்பீக்கர். எனக்கு இந்த ஜோடனையில் பெரிய நம்பிக்கை இல்லை. சாப்பாட்டு மேசையில் டைப்ரைட்டர் எதற்கு? தட்டு வைக்க இடமில்லாமல் அதைத் தூக்கிக் கீழே வைத்தோம்.

மேசை என்றேனே, அது பழைய தையல் மிஷினின் இரும்புக் கால்மேல் பலகை அடித்தது. எனக்கு முட்டி இடித்தது. பெரியம்மாவுக்கோ கால் தானாக மிதிபலகைக்குப் போய்விட்டது. கீழே சக்கரம் சுற்றுகிறது, மேலே தைக்க ஒன்றுமில்லை. உணவு வர நாற்பது நிமிடம் ஆனது. நான் இரண்டு தடவை எரிச்சல்பட்டேன். அவர் அந்த நேரத்தில் நாலு ரவிக்கையாவது தைத்திருப்பார்.

முதலில் வந்தது டீ. சோலோக்காரர்கள் டீயை 'நாஸ்கிதெல்' என்கிறார்கள். சூடு, இனிப்பு, திடம் ஆகிய மூன்றுக்குமான ஜாவானியச் சொற்களை ஒட்டவைத்த சுருக்கம் அது. இரண்டு மூன்று கம்பெனித் தூள்களைக் கலந்து போடுகிறார்கள், மல்லிகை மணம் தூக்குகிறது. பால் கிடையாது. பச்சைப் புள்ளி தெளித்த எனாமல் குவளையில் தந்தார்கள். குவளையின் விளிம்பு உதட்டைச் சுட்டுவிட்டது. "இந்தக் குவளையத்தான் வேணாம்னு பரண்ல போட்டோம்" என்றார் பெரியம்மா, முந்தானையால் பிடித்துக்கொண்டே.

அவருக்கு நாசி லிவெட் சொல்லியிருந்தேன். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, மேலே பிய்த்துப் போட்ட கோழி, முட்டை, கட்டித் தேங்காய்ப்பால் ஒரு கரண்டி, பக்கத்தில் காரமாகச் சமைத்த ஒரு காய். வாழையிலையில் வந்தது. காயை ஒரு வாய் வைத்ததும் மிதிப்பதை நிறுத்தினார். "சௌசௌடி!" வீட்டில் கூட்டு வைத்தால் ஒருவரும் சீந்தாத அதே சௌசௌ. இங்கே மிளகாயும் தேங்காய்ப்பாலும் உறிஞ்சிக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது.

நான் எடுத்தது செலாட் சோலோ. டச்சுக்காரர்களின் 'சலாட்' இந்த ஊர் வாயில் அப்படி ஆகிவிட்டது. அவர்களுக்குத் தட்டு நிறைய இறைச்சி வேண்டும், சோலோ அரசருக்குக் காய்கறி வேண்டும், அதனால் அரண்மனைச் சமையல்காரர்கள் இரண்டையும் ஒரே தட்டில் சேர்த்தார்கள் என்று ஒரு கதை சொல்கிறார்கள். பெயர் சாலட் என்றாலும் தட்டில் குழம்பு நிற்கிறது. ஜாதிக்காய் மணக்கும், இனிப்புச் சோயா கலந்த, நம் ரசம் அளவுக்கு நீர்த்த குழம்பு. அதில் அவித்த கேரட், பீன்ஸ், முட்டை, பொரித்த உருளைக்கிழங்கு, இலைக்கோசு, ஓரத்தில் கடுகு போட்ட மஞ்சள் சாஸ், நடுவில் இறைச்சி. சோறு கிடையாது. முதல் வாயில் இது சாப்பாடா பலகாரமா என்று குழம்பினேன். மூன்றாவது வாயில் உருளைக்கிழங்கு அந்தக் குழம்பில் ஊறி, மேலே மொறுமொறுப்பு கொஞ்சம் மிச்சமிருந்த நிலையில் வந்தது. அதற்கப்புறம் நான் பேசவில்லை. கடையில் இருந்த பழசுகளிலேயே பொய் சொல்லாதது அந்தத் தட்டுதான்.

"அது என்ன கறி?" என்று பெரியம்மா கேட்டார். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். மாட்டுக்கறி. அவர் இணையம் பக்கம் வருவதில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

கடைசியாக வாழையிலையில் சுருட்டிய செராபி. அரிசி மாவும் தேங்காய்ப்பாலும், ஓரம் முறுகல், நடு மெத்து. "ஆப்பத்தைப் பாய் மாதிரி சுருட்டிட்டாங்க" என்று இரண்டு சாப்பிட்டார்.

மேசையில் முன்பக்கம் கண்ணாடி வைத்த தகர டப்பா நிறைய கெருப்புக், அதாவது அவர்கள் ஊர் அப்பளம், இருந்தது. எடுத்துத் தின்றுவிட்டு எத்தனை என்று நாமே சொல்ல வேண்டும். நான் மூன்று என்றேன். "நாலு" என்று விரலை நீட்டிக் காட்டினார் பெரியம்மா. எல்லாம் சேர்த்து 98,000 ரூபியா, கிட்டத்தட்ட 500 ரூபாய்.

கிளம்பும்போது, "பெல்ட்டு ஒண்ணு போட்டா இந்த மிஷின் இன்னும் நல்லா ஓடும்னு அந்தத் தம்பிகிட்டச் சொல்லு" என்றார். பெல்ட்டுக்கு இந்தோனேசியச் சொல் எனக்குத் தெரியாது. மேசையைக் காட்டி, கையைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினேன். பையன் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய், சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இன்னொரு குவளை டீ கொண்டுவந்தான். பெரியம்மா மறுபடி உட்கார்ந்து, காலை மிதிபலகையில் வைத்து, அதையும் குடித்து முடித்தார்.