உங்க சுவர், உங்க இஷ்டம்

"உங்க சுவர், உங்க இஷ்டம்" என்று சொன்னேன். ஆங்கிலத்தில் இன்னும் பணிவாகத்தான் சொல்லியிருப்பேன். சாரம் இதுதான். ஃபோனில் அந்தப் பக்கம் சாப்பாட்டுக் கடைக்காரர், கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, அப்ப எடுத்துருங்க" என்றார்.

இரண்டு வருடமாகப் போகிறது. அந்தச் சின்ன மௌனம்தான் இன்னும் காதில் இருக்கிறது. ஏனென்றால் அதற்கு முன்னால் அவர் கேட்டது, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று. அத்தனை வருடம் எங்களிடம் போர்டு, மெனு கார்டு, வினைல் எல்லாம் அடித்த மனிதர். நீலமா பச்சையா என்பதைத் தவிர என்னிடம் எதையும் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை கேட்டார், நான் நழுவிவிட்டேன்.

நழுவினேன் என்று இன்றைக்கு எழுதுகிறேன். அன்று அது தொழில் தர்மம் என்றே தோன்றியது. காசு கொடுப்பவர் அவர், சாப்பாட்டுக் கடை அவருடையது, ஊரும் அவருடையது. நான் கனடாவில், ரெஜைனாவில் ஒரு சைன் கடையில் டிசைன் போடுகிறவன். ஐஸ் ஹாக்கியில் பக், அந்தக் கருப்பு வட்டு, எந்தப் பக்கம் போகிறது என்பதே எனக்கு மூன்றாவது குளிர்காலத்தில்தான் கண்ணுக்குப் பிடிபட்டது.

வேலை இதுதான்: கடைக்காரருடைய ஊரான ஸ்விஃப்ட் கரென்டின் ஜூனியர் ஐஸ் ஹாக்கி அணி பிரான்கோஸ், அதன் வரலாறு, நாலு பேனல், ஒவ்வொன்றும் எட்டடிக்கு நாலடி. அவர் சின்ன வயதிலிருந்து அந்த அணியின் வெறியர். எங்கள் கடையில் எழுதுவதற்கென்று தனியாக ஆள் கிடையாது, வாசகமும் என் தலையில்தான். இரண்டு வாரம் ராத்திரி ராத்திரியாகப் பழைய செய்திகளைப் படித்தேன்.

முதல் பேனல் சுலபம். 1967இல் தொடங்கிய அணி, 1974இல் லெத்பிரிட்ஜ் ஊருக்கு இடம் மாறிப் போனது, 1986இல் திரும்பி வந்தது. பக்கத்து வால் மேரி கிராமத்துப் பையன் பிரையன் ட்ராட்டியர் இங்கே ஆடிவிட்டுத்தான் பிறகு பெரிய லீகில் ஆறு ஸ்டான்லி கோப்பை வாங்கினார். மொத்தமே பதினேழாயிரம் பேர்கூட இல்லாத ஊர், அணி ஊர்க்காரர்களின் சொத்து. பதினாறிலிருந்து இருபது வயதுப் பையன்கள் எங்கிருந்தெல்லாமோ வந்து, ஊரில் யாராவது ஒரு குடும்பத்து வீட்டில் தங்கி, அவர்கள் போடும் சோற்றைத் தின்று, பள்ளிக்கூடத்துக்கும் போய் ஆடுவார்கள். ஒரு பையனுக்கு ஐஸில் ஆட எவ்வளவு நேரம், அடுத்த வாரம் இந்த ஊரில் இருப்பானா வேறு அணிக்கு மாற்றப்படுவானா, பெரிய லீகிலிருந்து வருகிறவர்களிடம் அவனைப் பற்றி என்ன சொல்லப்படும் எல்லாமே கோச் கையில். இதை முதல் பேனலில் ஒரு வரியாக எழுதியிருந்தேன். இடம் பற்றவில்லை என்று நானே எடுத்தேன். கடைக்காரர் சொல்லி இல்லை.

இரண்டாவது பேனலில்தான் நான் அதிக நேரம் உட்கார்ந்தேன். 1986 டிசம்பர் 30. அன்றிரவு ரெஜைனாவில் ஆட்டம். ஊர் எல்லை தாண்டிச் சில கிலோமீட்டர்கூடப் போயிருக்காது, சாலையில் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருந்த ஐஸில் பஸ் வழுக்கிக் கவிழ்ந்தது. பின்னால் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்த நாலு பேர் போய்விட்டார்கள். ட்ரென்ட் க்ரெஸ்ஸிக்கு 20 வயது, ஸ்காட் க்ரூகர், கிறிஸ் மேன்டிகா இருவருக்கும் 19, ப்ரென்ட் ரஃப்புக்கு 16. நாலிலைக் குளோவர் செடியின் உருவம் ஒன்றை அவர்கள் நினைவாக ஜெர்சியில் தைத்துக்கொண்டார்கள், இலைக்கு ஓர் எண்: 8, 9, 11, 22. அந்தச் சின்னத்தைப் பழைய படம் ஒன்றிலிருந்து கோடு கோடாகத் திரும்ப வரைந்தேன். எண் 11 இருந்த இலை மட்டும் தையல் பிரிந்து லேசாக மடங்கியிருந்தது. அதை நேராக்கலாமா, அப்படியே விடலாமா என்று அரை மணி நேரம் யோசித்தேன். கடைசியில் அப்படியே விட்டேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த அளவுக்கு நேர்மையாக இருந்தவன்தான் அடுத்த பேனலில் அந்த வேலையைச் செய்தான்.

அந்த பேனலின் அடியில் ஒரு வாக்கியம் எழுதினேன்: "அணி தன்னைத் தானே தேற்றிக்கொண்டது." அணி அந்த சீசனையே விடாமல் ஆடி பிளேஆஃப் வரை போனது. வாக்கியம் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கும்தான்.

மூன்றாவது, 1989. சஸ்காட்டூனில் மெமோரியல் கோப்பை, ஜூனியர் அணிகளுக்குப் பெரிய கோப்பை அதுதான். அந்த ஊரின் பிளேட்ஸ் அணிக்கு எதிராக இறுதி ஆட்டம், கூடுதல் நேரத்தில் டிம் டிஸ்டேல் அடித்த கோலில் 4-3. பஸ்ஸில் இருந்து பிழைத்த பையன்கள் சிலர் அந்த அணியிலும் இருந்தார்கள். இதைவிட நல்ல கதை எந்த ஊருக்குக் கிடைக்கும்? கடைக்காரருடைய அண்ணன் வெற்றிக் கொண்டாட்டத்தில் எடுத்த படம் ஒன்று இருந்தது. கொஞ்சம் மங்கல், ஆனால் உயிருள்ள படம். நடுவில் கோச் கிரஹாம் ஜேம்ஸ்.

அந்த வருடம் தி ஹாக்கி நியூஸ் பத்திரிகை அவரை ஆண்டின் சிறந்த மனிதர் என்று தேர்ந்தெடுத்தது. 1997 ஜனவரியில், தன்னிடம் ஆடிய பையன்களை வருடக்கணக்காகப் பாலியல் வன்கொடுமை செய்ததை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு மூன்றரை வருடம் சிறைக்குப் போனார். இதை வெளிப்படையாகச் சொன்னது ஷெல்டன் கென்னடி. கோப்பை வென்ற அணியில் இருந்தவர், அந்த பஸ்ஸிலும் இருந்தவர். அதற்குப் பிறகும் வேறு வீரர்கள் தொடர்பாக ஜேம்ஸுக்கு இரண்டு முறை தண்டனை ஆனது.

"அவன் முகத்தை என் கடைச் சுவரில் மாட்ட முடியாது. படத்தை விடவும் மனசு வரலை. நீங்க என்ன நினைக்கிறீங்க?" இதுதான் கேள்வி.

பத்து நிமிட வேலை என்று நினைத்தேன். ஊரில் பிளெக்ஸ் கடையில் நாலு வருடம் இருந்தவன் நான். முந்தாநாள் வரை தலைவர் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்த வட்டச் செயலாளர் கட்சி மாறிவிட்டால், ராத்திரியோடு ராத்திரியாக அவர் தலையை எடுத்துவிட்டு வேறு தலை வைப்போம். உடம்பும் வேட்டியும் பழைய ஆளுடையதாகவே இருக்கும், யாரும் பார்க்க மாட்டார்கள். ஆனால் இங்கே வேறு தலை வைக்க முடியாது. ஆளை எடுத்தால் நடுவில் பல் விழுந்த மாதிரி ஓர் ஓட்டை. பின்னணியை நிரப்பிப் பார்த்தேன், ஓட்டை இன்னும் பெரிதாகத் தெரிந்தது. அதனால் வலது பக்கம் நின்ற ஒரு பையனை வெட்டி எடுத்து, நாலு விரற்கடை இடப்பக்கம் நகர்த்தி, நிழலைச் சரிசெய்து ஒட்டினேன். கச்சிதமாக வந்தது.

கோச் நின்ற இடத்தில் ஒரு பையனை நிறுத்திவிட்டேன். யார் என்று தெரியாது. பாதி முகம் அடுத்தவன் தோளுக்குப் பின்னால். இந்த விஷயம் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. பேனல் மாட்டி ஒரு வாரம் கழித்து, கார் கண்ணாடியில் பனி சுரண்டிக்கொண்டிருக்கும்போது உறைத்தது.

செய்தது சரி என்றும் எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். குழந்தைகளோடு சாப்பிட வருகிற இடம். அந்த அணியில் ஆடிய யாராவது, இப்போது ஐம்பது வயதைத் தாண்டியவர், ஒரு காப்பி குடிக்க உள்ளே நுழையலாம். எதிரே அந்த முகம் இருக்க வேண்டுமா? வேண்டாம். இதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. முகத்தை எடுத்தது தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். பெரும்பாலான நாட்களில்.

ஆனால் முகத்தோடு சேர்த்துப் பெயரையும் எடுத்தோம். மூன்றாவது பேனலில் கென்னடி இருக்கிறார், வெறும் ஒரு ஃபார்வர்டாக. நாலாவது பேனலில் அவரைப் பற்றி நான் எழுதியிருந்த வரியை, 1998இல் இதே விஷயத்துக்காக அவர் சக்கரச் சறுக்கு ஷூ போட்டுக்கொண்டு கனடாவைக் குறுக்கே கடந்தார் என்ற வரியை, கடைக்காரர் அடித்தார். "அதைப் போட்டா ஏன்னு கேப்பாங்க இல்ல?" என்றார். நியாயமான கேள்வி. கேட்கத்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். "ஆமா, கேப்பாங்க" என்றேன்.

மனைவியிடம் சொன்னபோது, "ஏங்க, அவர் கேட்டப்ப சொல்லாம இப்ப என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனாள். முதியோர் இல்லத்தில் அவளுக்கு நைட் ஷிஃப்ட்.

இவ்வளவு நாளும் நான் அந்தப் படத்தையும் அந்த ஃபோன் பேச்சையும்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் அவர் கூப்பிட்டார். பேனல் நாலையும் சின்னதாக்கி மெனு கார்டு பின்பக்கம் போட வேண்டுமாம். ஃபைலைத் திறந்தேன். படிக்கிற அளவுக்கு வாசகத்தைச் சுருக்க வேண்டும், அதனால் ஒவ்வொரு வரியாகத் திரும்பப் படித்தேன். "அணி தன்னைத் தானே தேற்றிக்கொண்டது."

விபத்துக்குப் பிறகு அந்தப் பையன்களிடம் ஆலோசகர்களை நெருங்க விடாதவர் அதே கோச்தான். பஸ்ஸில் இருந்தவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். வெளியாள் யாராவது உட்கார்ந்து மனம் விட்டுப் பேசச் சொன்னால் வேறு விஷயமும் வெளியே வந்துவிடும் என்ற பயம் அவருக்கு. நான் இதைப் படித்திருந்தேன். எழுதுவதற்கு முன்பே படித்திருந்தேன். தேற்ற ஆள் வராமல் தடுக்கப்பட்ட பையன்களைத்தான் தங்களைத் தாங்களே தேற்றிக்கொண்டார்கள் என்று பெருமையாக எழுதியிருக்கிறேன். படத்துக்குக் கடைக்காரர் பொறுப்பு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இந்த வாக்கியத்தை யாரும் கேட்டு வாங்கவில்லை.

2018 ஏப்ரலில் ஹம்போல்ட் பிரான்கோஸ் என்ற, அதே பெயர் கொண்ட வேறு ஊர் ஜூனியர் அணியின் பஸ் விபத்தில் 16 பேர் இறந்தபோது, நாடு முழுக்க வீட்டு வாசலில் ஹாக்கி மட்டையைச் சாய்த்து வைத்தார்கள். அப்போது ஸ்விஃப்ட் கரென்டின் பழைய பையன்கள் சிலர், கென்னடியும்தான், கிளம்பி ஹம்போல்டுக்குப் போனார்கள். தங்களுக்கு வராத ஆள் இவர்களுக்காவது வர வேண்டும் என்றா? அப்படி யாரும் சொல்லி நான் படித்ததில்லை. நானாக நினைத்துக்கொள்கிறேன். அடுத்த மாதம் ஸ்விஃப்ட் கரென்ட் மூன்றாவது முறையாக லீக் பட்டம் வென்றது. நாலாவது பேனலில் பட்டம் இருக்கிறது, ஹம்போல்ட் பயணம் இல்லை.

வாக்கியத்தை மாற்றினேன். "அந்தப் பையன்களைத் தேற்ற யாரும் வரவில்லை, வர விடவில்லை." யார் விடவில்லை என்று இப்போதும் எழுதவில்லை. இடம் இருக்கிறது, எழுதியிருக்கலாம். மாற்றியதை மெயிலிலும் குறிப்பிடவில்லை. நகர்த்திய பையனையும் அவன் இடத்துக்குத் திரும்பக் கொண்டுபோகவில்லை, பழைய ஓட்டை வந்துவிடும்.

புரூஃப் அனுப்பிப் பதினோரு நாள் ஆகிறது. வழக்கமாக அன்று சாயங்காலமே ஓகே சொல்லிவிடுவார்.