இழுக்க ஒண்டுமில்லை, கொக்கி மட்டும் ஏன்?

ஒன்ராறியோவில கோடை வந்தா பிக்கப் ட்ரக் வைச்சிருக்கிற ஆக்கள் படகு இழுக்க, உருண்டைத் தலை உள்ள குண்டுக் கொக்கியைப் பின்னால பூட்டுவினம். அதில பிழையில்லை. படகு உள்ள போய் மாசக்கணக்காகியும் அந்த இரும்பு பம்பருக்கு வெளியால நீட்டிக்கொண்டு நிக்கிறதுதான் எரிச்சல். கடைப் பார்க்கிங்கில சாமானோட ரெண்டு வாகனத்துக்கு இடையால போறவருக்கு அது கண்ணில படாது. முழங்காலுக்குக் கீழ, நேரே எலும்பில.

"பின்னால இடிச்சா பம்பர் தப்பும்" எண்டு ஒரு கதை வேற. பம்பர் இருக்கிறதே நசுங்கி அடி வாங்கத்தானே! கொக்கியில பட்டா விசை நேரே வாகனத்தின்ர அடிச் சட்டகத்துக்குப் போகும். இடிச்சவரின்ர பம்பரில ஓட்டையும் விழும்.

கொக்கி நம்பர் பிளேட்டை மறைக்குது எண்டு பொலிஸ் ஒரு வாகனத்தை மறிச்ச வழக்கு, அமெரிக்காவின்ர இல்லினோயில மாநில உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. பிளேட்டை மறைக்கக் கூடாது எண்ட சட்டம் பிளேட்டோட ஒட்டியிருக்கிற பொருளுக்குத்தான், கொக்கிக்கு இல்லை எண்டு 2015இல தீர்ப்பு. ஆனா பொலிஸ் மறிச்சது பிழையில்லை, அதுவும் செல்லுமாம்!

எங்கட ஊரில பெரிய எதிரி, பனிக்கு ரோட்டில போடுற உப்பு. கொக்கி செருகியிருக்கிற சதுரக் குழாய்க்குள்ள அது துருப்பிடிச்சு இறுகினா சுத்தியலுக்கும் அசையாது. இப்பவே கிளிப்பை இழுத்து, பின்னை உருவிக் கழட்டுங்கோ, ஒரு நிமிச வேலை. குழாய்க்கு ரப்பர் மூடி போடுங்கோ. கழட்டினதைச் சீட்டுக்குப் பின்னால உருள விடாதேங்கோ, சடன் பிரேக்கில பறந்து வரும்.