ரெவ் என்று எரிந்த குட்டிச் சிவப்பு விளக்கு

சோலார் போட்ட பிறகு வந்த முதல் கரண்ட் பில் 3,770 ரூபாய். போடுவதற்கு முன்னால் வழக்கமாக 2,700 பக்கம்தான் வரும். மொட்டைமாடியில் வத்தல் காயப்போடும் இடத்தையெல்லாம் பேனலுக்குக் கொடுத்துவிட்டோமே என்று ஏற்கெனவே மனத்தாங்கலில் இருந்த என் மாமியார், பில்லைப் பார்த்துவிட்டு ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக உறைத்தது.

2025 ஏப்ரலில் போட்டோம். 540 வாட் பேனல் ஆறு, 3 கிலோவாட் இன்வெர்ட்டர், சிங்கிள் ஃபேஸ் சர்வீஸ். மத்திய அரசின் சூர்யகர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு என்பதால்தான் துணிந்தோம். விண்ணப்பம், அனுமதி எல்லாம் சிக்கலில்லாமல் நடந்தன. பேனலை ஏற்றி, மூன்று எர்த் குழி தோண்டி, வயரிங் முடிக்க இரண்டே நாள்தான் ஆனது. நாம் எடுப்பதையும் கொடுப்பதையும் தனித்தனியாக எண்ணும் நெட் மீட்டர் மட்டும் வரவில்லை.

வேலை முடித்த அன்று சாயங்காலம் கான்ட்ராக்டரிடம் இருந்து வந்த பையன், "மீட்டர் வர்றப்ப வரட்டும்க்கா, சும்மா ஓடவிடுங்க. வீட்டு லோடாவது சூரியன்ல ஓடுமே" என்றான். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. நல்ல வெயில் காலம், ஏன் வீணாக்க வேண்டும்? பிரேக்கரைத் தூக்கிவிட்டுப் போனான். இருபத்து மூன்று நாள் ஓடியது. தினமும் செல்போனில் ஆப்பைத் திறந்து 'இன்று 12 யூனிட்' என்று பார்ப்பதும், அதைத் தம்பி வீட்டுக்கு அனுப்பிப் பெருமையடிப்பதுமாக இருந்தேன்.

பில் வந்தபோது 686 யூனிட். சோலாரே இல்லாத காலத்தில் இரண்டு மாதத்துக்கு 570 வரும். 500-ஐத் தாண்டினாலே ரேட் மாறிவிடும், அப்போது 600-க்கு மேல் ஒரு யூனிட் 9 ரூபாய் 65 காசாக இருந்தது. ரீடிங்கைத் தப்பாக எடுத்துவிட்டார்கள் என்று நினைத்து வெள்ளை அட்டையையும் மீட்டரையும் ஒப்பிட்டேன். சரியாகத்தான் இருந்தது. கான்ட்ராக்டருக்குப் போன் போட்டால், "ஏசி ஜாஸ்தி ஓடியிருக்கும் மேடம்" என்றார். எங்கள் வீட்டில் ஏசி எத்தனை மணிக்குப் போட்டு எத்தனை மணிக்கு அணைப்பது என்பது என் கையில் இருக்கிற விஷயம். அவர் அப்படிச் சொன்னதில்தான் எனக்குக் கோபமே வந்தது.

மறுநாள், வீடு கட்டிய காலத்தில் இருந்து எங்களுக்கு வயரிங் பார்க்கும் எலக்ட்ரீசியன் அண்ணனைக் கூப்பிட்டேன். சரியாக மத்தியானம் பன்னிரண்டரைக்கு வந்தார். மீட்டர் பெட்டியைத் திறந்து ஒரு நிமிஷம் பார்த்தார். "எம்மா, ரெவ்னு ஒண்ணு எரியுது பாத்தியா?" என்றார். மிளகு அளவு சிவப்பு விளக்கு. ரெவ் என்றால் ரிவர்ஸ், கரண்ட் திரும்பிப் போகிறது என்று அர்த்தம். நான் அதைக் கவனித்ததே இல்லை.

பிறகு அவர் செய்து காட்டியதை யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். வீட்டில் ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார். சோலார் பிரேக்கர் மட்டும் ஆனில் இருந்தது. வீட்டில் ஒரு பல்பு கூட எரியவில்லை. ஆனால் மீட்டரில் யூனிட் கணக்கிடும் விளக்கு விடாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது. முகப்பில் 3200 என்று அச்சடித்திருந்தது, அதாவது 3200 தடவை சிமிட்டினால் ஒரு யூனிட். கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினோம். அரை நிமிஷத்தில் 60. கணக்குப் போட்டால் மணிக்கு 2.25 யூனிட். ஆப்பைத் திறந்தேன், சோலார் அந்த நேரத்தில் 2.3 கிலோவாட் கொடுத்துக்கொண்டிருந்தது. அண்ணன் சோலார் பிரேக்கரை இறக்கினார். சிமிட்டல் நின்றது. ஏற்றினார். மறுபடி ஆரம்பித்தது.

வீட்டில் செலவாகாமல் நாங்கள் வெளியே லைனுக்கு அனுப்பிய மின்சாரத்தையெல்லாம் அந்த மீட்டர் நாங்கள் எடுத்ததாகவே எழுதிக்கொண்டிருந்தது.

காரணத்தையும் அவர்தான் சொன்னார். பழைய சக்கர மீட்டர் காலத்தில் வயரை மாற்றிக் கொடுத்துச் சக்கரத்தைப் பின்னால் சுற்றவிடும் திருட்டு உண்டு. அதைத் தடுக்க, எலக்ட்ரானிக் மீட்டர்கள் பலவற்றைக் கரண்ட் எந்தப் பக்கம் போனாலும் முன்னோக்கியே எண்ணும்படி செய்துவிட்டார்கள். மீட்டர் கெட்டுப்போகவில்லை, அதன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. ராத்திரி எடுக்கும் 6 யூனிட்டோடு பகலில் அனுப்பும் எட்டரையும் சேர்ந்து ஒரு நாளைக்கு பதினாலரை என்று ஏறியிருக்கிறது.

அப்போதே சோலாரை அணைத்தோம். நெட் மீட்டர் வர மேலும் பத்தொன்பது நாள் ஆனது. மே மாத வெயிலில் பேனல்கள் சும்மா காய்ந்துகொண்டிருந்ததைப் பார்க்க வயிறெரிந்தது. மாமியார் மட்டும் அதன் ஓரத்தில் இரண்டு தட்டு வடகம் வைத்துக்கொண்டார்.

கூடுதல் பணம் திரும்பியதா என்றால், இல்லை. பிரிவு அலுவலகத்தில் மனு கொடுத்தேன். உதவிப் பொறியாளர் பொறுமையாகவே கேட்டார். "மீட்டர் மாத்தி, நாங்க வந்து பாத்து ஓகே சொல்றதுக்கு முன்னாடி நீங்க ஓட்டினதே தப்பும்மா" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் சோலார் மின்சாரம் போகிற லைனில் ஆள் ஏறி வேலை பார்ப்பதை எல்லாம் யோசித்தால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கான்ட்ராக்டருக்குத் தரவேண்டிய கடைசித் தவணையில் ஆயிரம் ரூபாயைப் பிடித்துக்கொண்டேன். முணுமுணுத்தார், வாங்கிக்கொண்டார்.

நெட் மீட்டர் மாட்ட வந்தவர்களிடம் இந்த முறை நான் விடவில்லை. பழைய மீட்டரின் கடைசி ரீடிங்கையும் புதியதன் தொடக்க ரீடிங்கையும், சீல் நம்பர் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டேன். புது மீட்டரில் பட்டனை அமுக்க அமுக்கத் தேதி, நேரம், வோல்டேஜ் என்று வரிசையாக வரும். எங்களுடையதில் 1.8.0 என்று வந்தால் நாம் எடுத்தது, 2.8.0 என்று வந்தால் நாம் கொடுத்தது. எல்லா மீட்டரிலும் இதே குறி இருக்காது. மாட்ட வருபவரிடமே, "அண்ணே, எது எது?" என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

அந்த போட்டோக்கள் அடுத்த பில்லிலேயே உதவின. பழைய மீட்டரில் 181, புதியதில் எடுத்தது 246, ஆக 427 என்று பில். கொடுத்த 348 அதில் எங்கேயும் இல்லை! கம்ப்யூட்டரில் எங்கள் சர்வீஸ் இன்னும் சோலாருக்கு மாறவில்லையாம், அதனால் ரீடிங் எடுக்க வந்தவருக்கு அந்தக் கட்டமே வரவில்லை. போட்டோக்களைப் பிரிண்ட் போட்டு, ஒரு பக்க மனுவோடு, கெடு தேதிக்கு முன்னாலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டேன். நான்காம் நாள் திருத்திவிட்டார்கள். நிகரப் பயன்பாடு 79 யூனிட். 100-க்குள் இருந்ததால் மின்சாரத்துக்குக் கட்டணம் விழவில்லை.

நானே வெட்கப்பட்ட இடம் ஒன்று உண்டு. அந்த மனுவில் முதலில், 'ஆப்பில் 492 யூனிட் காட்டுகிறது, 348 மட்டும்தான் மீட்டரில் இருக்கிறது, மீதி 144 எங்கே?' என்றும் எழுதியிருந்தேன். எலக்ட்ரீசியன் அண்ணன் படித்துவிட்டுச் சிரித்தார். "பகல்ல ஃபேன், மிக்ஸி, மோட்டார் எல்லாம் எதுல ஓடுச்சாம்?" அந்த 144 யூனிட், மீட்டர் வரைக்கும் வருவதே இல்லை. வீட்டுக்குள்ளேயே செலவாகிவிடுகிறது. அந்தப் பத்தியை அடித்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

இப்போது அடுப்படிக் காலண்டரில் ஞாயிறுதோறும் இரண்டு எண் எழுதுகிறேன். போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது மாமியாரே பட்டனை அமுக்கிப் பார்த்து எழுதியிருந்தார். எடுத்ததையும் கொடுத்ததையும் இடம் மாற்றி.