ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது

கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்து இரண்டாவது பனிக்காலம். களஞ்சியமொன்றில் இரவு வேலை. பாரமான பெட்டியோடு திரும்பியபோது இடுப்பில் சுரீரென்று பிடித்தது. நோகுது என்று சொன்னால் நாளைக்கு வரவேண்டாம் என்பார்களோ என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த அக்காவுக்கு என் முகமே காட்டிக்கொடுத்துவிட்டது.

"இப்பவே சுப்பவைசரிட்டச் சொல்லும் தம்பி. நாளைக்குச் சொன்னா வீட்டில விழுந்தது எண்டுவாங்கள்."

சொன்னேன். சுப்பவைசரோ, இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வா, படிவம் எல்லாம் எதற்கு என்றார். அது பிழை. ஒன்ராறியோ மாகாணத்தில் வேலையில் காயப்பட்டு மருத்துவம் தேவைப்பட்டால், மூன்று வேலை நாட்களுக்குள் நிறுவனம் டபிள்யூ.எஸ்.ஐ.பி. என்ற வேலையிடக் காப்புறுதி வாரியத்துக்கு அறிவிக்க வேண்டும். தொழிலாளி தானே அறிவிக்க ஆறு மாதம் இருக்கிறது. நான் காத்திருக்காமல், தொழிலாளி நிரப்பும் ஆறாம் இலக்கப் படிவத்தை அனுப்பிவிட்டேன்.

டொக்டர் இன்னொரு தாளை நிரப்பித் தந்தார். எவ்வளவு நேரம் நிற்கலாம், குனியலாமா, எத்தனை கிலோ தூக்கலாம், இவ்வளவுதான் அதில். என்ன வருத்தம் என்று அதில் எழுதுவதில்லை. என் உடம்பால் எது முடியும் என்பது மட்டும் நிறுவனத்துக்குப் போகிறது. இதை யோசித்து வைத்தவர்களை இன்றும் மனதுக்குள் வாழ்த்துகிறேன்.

லைட் டியூட்டி என்று நாலு மணித்தியாலம் ஸ்கேன் செய்யும் வேலை கிடைத்தது. அதனால் குறைந்துபோன சம்பளத்தை, வரி கழித்த தொகையில் 85 சதவீதக் கணக்கில் வாரியம் ஈடுசெய்தது. பொருத்தமான வேலை தந்தும் போகாவிட்டால் அந்தக் காசு குறையலாம். வீட்டிலேயே இரு என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

காசை விடக் கூச்சம்தான் பெரிதாக இருந்தது. மற்றவர்கள் வியர்க்க வியர்க்கத் தூக்க, நான் கதிரையில். ஊரில் அப்பா காய்ச்சலோடும் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போவார். அந்த வளர்ப்பு லேசில் விடாது.

மூன்றாம் வாரம் ஆட்கள் குறைவு. "ஒரு பலெட் மட்டும் அடுக்கித் தா" என்றார் சுப்பவைசர். கை தானாகப் பெட்டியை நோக்கிப் போய்விட்டது. அப்புறம் ஜாக்கெட்டுக்குள் இருந்த தாளை எடுத்து நீட்டினேன். வாசித்தார். ஒன்றும் சொல்லாமல் வேறு ஆளைக் கூப்பிட்டார்.

இரண்டு மாதம் கழித்து டொக்டர் பத்துக் கிலோ என்று மாற்றி எழுதினார். அந்தத் தாளும் அதே ஜாக்கெட்டுக்குள் போனது.