மூச்சுக்கு முன்னால் ஐந்து சீலம்

கடன் வசூல் பிரிவில் டீம் லீடராக இருந்தபோது, எங்கள் ஆட்களுக்கு எட்டு வார மைண்ட்ஃபுல்னஸ் (இந்தக் கணத்தில் கவனத்தை வைக்கும் தியானப் பயிற்சி) வகுப்பு நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. நாள் முழுக்க, தவணை கட்டாதவர்களைக் கூப்பிட்டுப் பேசி, திட்டு வாங்கி, களைத்துப்போகிறவர்கள் அவர்கள். முதல் வகுப்பில் ஆளுக்கொரு உலர் திராட்சை கொடுத்தேன். விரலில் உருட்டி, சுருக்கங்களைப் பார்த்து, நாக்கில் வைத்துக் கொஞ்ச நேரம் கடிக்காமல் இருக்கச் சொன்னேன். ஜான் கபட்-ஜின் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் நோயாளிகளுக்காகத் தொடங்கிய பயிற்சி முறை இது. பௌத்த தியானத்திலிருந்து எடுத்ததுதான் என்றாலும் புத்தர் பெயர் வராது, எந்த நம்பிக்கையும் தேவையில்லை. பலன் இருந்தது. பலருக்கு நல்ல தூக்கம் வந்தது, எரிச்சல் குறைந்தது.

ஐந்தாவது வாரம் ஒரு பெண் சொன்னார்: "சார், இப்பல்லாம் எதிர்ல யாராவது அழுதாக்கூட எனக்கு ஒண்ணும் ஆகறதில்ல. மூச்சைக் கவனிச்சுட்டு அடுத்த ஃபோன் காலுக்குப் போயிடறேன்." மற்றவர்களும் தலையாட்டினார்கள். எனக்குத் திக்கென்றது.

அந்த வருடமே, தியான ஆசிரியர் எஸ்.என். கோயங்காவின் மரபில் நடக்கும் பத்து நாள் விபாசனா (பௌத்த தியானம்) முகாமுக்குப் போனேன். முதல் நாள் மாலையே ஐந்து சீலங்களை, அதாவது ஒழுக்க விதிகளை, ஏற்கச் சொன்னார்கள். பொய் சொல்வதில்லை என்பது அதில் ஒன்று. அப்புறம்தான் மூச்சு. மூன்று நாள் மூக்கடியிலேயே கவனம். நான்காவது நாள் உடம்பின் உணர்ச்சிகளுக்குப் போனோம். அன்று மாலை உட்கார்ந்திருக்கையில் ஒரு வரி காதில் கேட்டது: "உங்க மேல கேஸ் ஃபைல் ஆயிடுச்சு." தவணை கட்டாதவர்களிடம் போனில் சொல்ல எங்கள் ஸ்கிரிப்டில் இருந்த வரி. எந்த வழக்கும் பதிவாகியிருக்காது. அதைப் பிரிண்ட் எடுத்து ஒவ்வொரு மேஜையிலும் வைத்தவன் நான். மௌன விரதம் என்பதால் யாரிடமும் சொல்லி ஆற்றிக்கொள்ளவும் வழியில்லை.

தியானத்தை மரபுப்படிதான் கற்க வேண்டுமா, அலுவலக வகுப்பு மாதிரியான நவீன வடிவம் போதுமா என்ற சண்டையில் எனக்கு ஈடுபாடில்லை. கோயங்காவின் ஆசிரியர் ஊ பா கின், 1948-இல் சுதந்திர பர்மாவின் முதல் அக்கவுண்டண்ட் ஜெனரல், அதாவது அரசின் தலைமைக் கணக்கு அதிகாரி. தன் அலுவலக ஊழியர்களுக்கே தியானம் சொல்லிக்கொடுத்தவர். அப்படியிருக்க அலுவலகத்தில் தியானமே கூடாது என்று எப்படிச் சொல்வது? ஆனால் ஒற்றைத் தலைவலி தீர வேண்டும் என்று கோயங்கா வந்தபோது, அதற்காக மட்டும் என்றால் சேர்க்க முடியாது என்று ஊ பா கின் சொல்லிவிட்டார். எனக்குக் கணக்கு ஒன்றுதான்: சீலம் முன்னால் வருகிறதா, விட்டுப்போகிறதா? வலியோடு வரும் நோயாளிக்கு அது விடுபட்டாலும் பெரிய கேடில்லை. பிறரை அழவைக்கும் வேலையில் இருப்பவருக்கு மூச்சை மட்டும் கொடுத்தால் மனசு மரத்துப்போகிறது. அதைத்தான் ஐந்து வாரமாகச் செய்துகொண்டிருந்தேன்.

திரும்பி வந்ததும் ஸ்கிரிப்டிலிருந்து அந்த வரியை நீக்கினேன். அந்த மாத வசூல் குறைந்தது. மேலே விளக்கம் கேட்டார்கள், உள்ளதை எழுதிக் கொடுத்தேன். அடுத்த வகுப்பில், மூச்சுக்குப் போகும் முன், இன்று யாரிடமாவது பொய் சொன்னோமா என்று அவரவர் மனசுக்குள் பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் யாரும் அசையவில்லை. முடிந்ததும் அந்தப் பெண்தான் முதலில் எழுந்தார். "காலையில பேசின ஒருத்தருக்குத் திரும்பக் கூப்பிடணும் சார்" என்று சொல்லிவிட்டுத் தன் மேஜைக்குப் போனார்.