இரண்டு ராமகிருஷ்ணர்கள்

ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் பல வருடங்கள் புரூஃப் திருத்தினேன். காலையில் கல்யாணப் பத்திரிகை, மத்தியானம் கும்பாபிஷேக மலர் என்று வந்துகொண்டே இருக்கும். படித்தது எதுவும் மனத்தில் தங்காது. தங்கினால் வேலை ஓடாது. ஒரே ஒரு புத்தகம் மட்டும் ஒரு பிழையால் தங்கிவிட்டது.

சென்னையில் ராமகிருஷ்ண மடத்தைத் தொடங்கிய சுவாமி ராமகிருஷ்ணானந்தரைப் பற்றிய சிறு நூல் அது. கணினியில் கோத்த பையன் அந்த நீண்ட பெயரை எழுத்துப்பிழை என்று நினைத்து, ஒரே தட்டில் எல்லா இடத்திலும் 'ராமகிருஷ்ணர்' என்று மாற்றிவிட்டான். விவேகானந்தர் தமக்கு வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு இவருக்கு விட்டுக்கொடுத்த பெயராம் அது! மூலப் பிரதி ஆசிரியரோடு காசிக்குப் போயிருந்தது. அவர் திரும்புவதற்குள் புரூஃபைச் சுத்தமாக்க வேண்டும்.

நானே ஒரு விதி வகுத்துக்கொண்டேன். குருவான ராமகிருஷ்ண பரமஹம்சர் மறைந்தது 1886 ஆகஸ்டில். அதற்குப் பின் நடமாடுகிற ராமகிருஷ்ணர் எல்லாம் சீடர். முற்பகுதியில் சிக்கல் இல்லை; அங்கே சீடர் இன்னும் துறவுப் பெயர் பெறாத வெறும் சசி. குருவுக்காகக் கொளுத்தும் வெயிலில் கல்கத்தாவிலிருந்து தட்சிணேசுவரத்துக்கு ஐஸ் கட்டி சுமந்து நடந்த பையன். (அதே சசி 1897-இல் சென்னைக்கு வந்து மடம் நடத்தியது, ஒரு காலத்தில் ஐஸ் கட்டி சேமித்து வைத்த ஐஸ் ஹவுஸில். கதையில் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.)

விதி நன்றாகவே ஓடியது. ஊரெங்கும் போய் வகுப்பெடுத்த ராமகிருஷ்ணர்? சீடர். மழைநாளில் ஒருவரும் வராத அறையில் முழு வகுப்பையும் நடத்திவிட்டு எழுந்தவர்? சீடர். 1906-இல் ஐஸ் ஹவுஸ் ஏலம் போனபோது வெளிக்கட்டுக்கு மாறியவரும் அவரே. 1907-இல் மயிலாப்பூரில் புது மடம். அதன் கூரை ஒழுகிய பக்கத்தில்தான் விதி கவிழ்ந்தது.

'ராமகிருஷ்ணரின் தூக்கம் கலையக் கூடாதென்று ராமகிருஷ்ணர் இரவில் குடை பிடித்து நின்றார்.'

குரு மறைந்து இருபது வருடம் தாண்டிவிட்டது. பூஜையறையில் இருப்பது படம். அதற்கு ஏது தூக்கம்? இன்னொரு பக்கத்தில் அதே படத்துக்குப் புழுக்கம். நள்ளிரவில் எழுந்துபோய் விசிறுகிறார். பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். இந்த மனிதருக்கு 1886 என்று ஒரு வருடமே கிடையாது. உடன்துறவிகள் ஒவ்வொருவராகத் தீர்த்த யாத்திரை கிளம்பியபோதும் இவர், குரு மறைந்தபின் சீடர்கள் கூடி வாழ்ந்த பராநகர் மடத்தைவிட்டு நகராதது அப்போதுதான் புரிந்தது. வீட்டில் ஆள் இருக்கும்போது பூட்டிவிட்டு எங்கே போவது?

மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். யார் செய்கிறார், யாருக்குச் செய்கிறார் என்று வரி வரியாகப் பிரிக்க நான்கு நாள் ஆயிற்று. ஓர் இடம் மட்டும் பிடிபடவில்லை: 'அன்று கடும் வெயில். ராமகிருஷ்ணருக்குத் தாங்கவில்லை.' ஓரத்தில் கேள்விக்குறி போட்டு வைத்தேன்.

காசியிலிருந்து வந்த ஆசிரியர் மற்ற திருத்தங்களுக்கெல்லாம் டிக் போட்டிருந்தார். அந்தக் கேள்விக்குறியை மட்டும் ரப்பரால் அழித்திருந்தார்.