ஏசி சத்தம்னு நெனச்சது

ஜெர்மனில ஒரு ஆர்கெஸ்ட்ரா ரெக்கார்டிங்குக்கு அசிஸ்டென்ட்டா போனேன், போன மொதல் நாளே சொதப்பல். ரிகர்சல் ஆரம்பிச்சு ரெண்டு செகண்ட் கூட ஆகல, ஹெட்ஃபோன்ல அடியில உம்முனு ஒரு சத்தம், சரி ஏசி தான்னு நெனச்சு அடி சத்தத்த வெட்டுற லோ கட் ஃபில்டர போட்டுட்டேன். சீனியர் பேசாம வந்து அத ஆஃப் பண்ணிட்டு, அது டபுள் பேஸ்னாரு.

ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியோட ஆறாவது சிம்பொனி அது, பத்தெட்டீக்னு சொல்வாங்க. டபுள் பேஸ்னா ஆளுயர வயலின் மாதிரி, அந்த உம்முக்கு மேல பஸூன்னு ஊதுற வாத்தியம் ஒன்னு தரையில தவழ்ற மாதிரி வரும், அப்படித்தான் தொடக்கமே.

அதோட விட்டுச்சா? மொதல் மூவ்மென்ட், அதாவது மொதல் பகுதி, நடுவுல ஒரு எடத்துல பஸூனுக்கு ஆறு ‘பி’ எழுதியிருக்காரு மனுஷன், ஒரு ‘பி’ன்னாலே சத்தத்த கொறச்சு வாசின்னு அர்த்தம். மீட்டர்ல முள்ளே அசையல, நானும் பாவம்னு மைக் கெயின ஏத்தினேன், அடுத்த பார்லயே மொத்த ஆர்கெஸ்ட்ராவும் இடி மாதிரி விழுந்து சத்தம் அளவு தாண்டி டேக் முழுக்க கிளிப் ஆகிடுச்சு. ஸ்கோர படிக்காம ஃபேடர தொடக்கூடாதுன்னு அன்னிக்கி தான் புரிஞ்சுது.

ஆனா என்னைய ஆட்டி வச்சது கடைசி மூவ்மென்ட். அந்த ஆர்கெஸ்ட்ராவுல மொத வயலின்லாம் இடது பக்கம், ரெண்டாவது வயலின்லாம் வலது பக்கம், பழைய முறைப்படி. எடிட் பண்றப்ப இடது மைக்க மட்டும் சோலோ பண்ணேன், மெலடியே இல்ல, அங்கயும் இங்கயும் தாவுற ஏதோ ஒன்னு, வலது பக்கமும் அதே கதி. ரெண்டையும் சேத்து ஓட விட்டா அந்த அழுக அப்படியே எறங்குது! ஒரு நோட்டு இவங்க அடுத்தது அவங்கன்னு பிச்சுப் பிச்சு குடுத்திருக்காரு, அந்த மெலடிய அங்க யாருமே முழுசா வாசிக்கல. பின்னாடி அதே மெலடி திரும்ப வர்றப்ப மொத வயலின்காரங்களே முழுசா வாசிச்சிடுவாங்க. நான் ரெண்டையும் மாத்தி மாத்தி எத்தன தடவ கேட்டேனோ.

1893 அக்டோபர் 28 பீட்டர்ஸ்பர்க்ல அவரே கண்டக்ட் பண்ணி அரங்கேத்தினாரு, ஒம்பது நாள்ல செத்துட்டாரு. அதனால இத தற்கொல லெட்டர்னு சொல்ற ஆளுங்க உண்டு, எனக்கு அதுல நம்பிக்க இல்ல. பயணத்துல இத மனசுக்குள்ள கம்போஸ் பண்றப்ப அடிக்கடி அழுதேன்னு தங்கச்சி பையனுக்கு எழுதியிருக்காரு, சிம்பொனியவே அவனுக்குத்தான் காணிக்கையாக்கினாரு. அழுதிருப்பாரு, சரி, ஆனா எந்த நோட்ட எந்தப் பக்கம் குடுக்கணும்னு நிதானமா உக்காந்து யோசிச்சும் இருக்காரே.

கச்சேரில மூணாவது மூவ்மென்ட் மார்ச் முடிஞ்சதும் வழக்கம்போல சிலபேர் கை தட்டிட்டாங்க, அது அப்படித்தான், முடிஞ்ச மாதிரியே ஏமாத்தும். நெஜமான முடிவுல செல்லோவும் டபுள் பேஸும் மட்டும் மிஞ்சி, தேஞ்சு தேஞ்சு போச்சு. கண்டக்டர் கைய எறக்கல, ஹெட்ஃபோன்ல அடியில இன்னும் உம்முனு ஏதோ ஓடிட்டு இருந்துச்சு, ஸ்டாப் பட்டன்ல வெரல வச்சுகிட்டே சீனியர பாத்தேன்.

இப்ப கேக்கறது ஏசின்னாரு.